கொதி, எரிவு, மின்னல்

எங்கள் பக்கத்தில் பல் வலிப்பதில்லை, கொதிக்கும். தலை இடிக்கும், காதும் வயிறும் குத்தும், கை கால் உளையும், புண் எரியும். நோவு ஒன்றுதான் என்றாலும் உறுப்புக்கு உறுப்பு வினைச்சொல் மாறும். 'வலி' என்று சொன்னால் பழைய ஆட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வலிப்புத்தான்.

பேராதனையில் பல் வைத்தியம் படித்த நாட்களில் நோவைப் பற்றி ஒரு விரிவுரை நடந்தது. ரொனால்ட் மெல்சாக் என்ற கனேடிய உளவியலாளர் 1975இல் ஒரு வினாக்கொத்து வெளியிட்டிருக்கிறார். நோயாளி தன் நோவு எப்படிப்பட்டது என்று சொல்ல அதில் 78 சொற்கள், 20 கூட்டங்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அத்தனையையும் ஆங்கிலத்தில் பாடமாக்கிப் பரீட்சை எழுதினேன். அவற்றில் பாதியைச் சின்ன வயதில் என் பெத்தாவின் வாயில் கேட்டிருக்கிறேன் என்பது அப்போது தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு ஐந்தாறு வருடங்களும், ஓர் அம்மாவின் மூன்று பற்களும் செலவாயின.

செட்டிபாளையத்தில் மட்டக்களப்பு–கல்முனை வீதியோரம் ஒரு சின்ன அறை. பகலில் அரசாங்க வேலை. மாலையில் அந்த அறையில் ஒரு கதிரை, ஒரு மேசைக் காற்றாடி, நான். கிழக்கே சற்று நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. நடுவில் நீளமாகக் கிடக்கிற மணல் துண்டில்தான் குருக்கள்மடம், செட்டிபாளையம், மாங்காடு, தேற்றாத்தீவு, களுதாவளை என்று ஊர்கள் கோத்தமாதிரி வரிசையாக இருக்கின்றன. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை. அங்கிருந்து வருகிறவர்கள் அம்பிளாந்துறையில் படகுப்பாதை ஏறி, குருக்கள்மடத்தில் இறங்கி, வெயிலில் நின்று பஸ் பிடித்து வரவேண்டும். ஒரு பல்லுக்காக ஒரு நாள் கூலி போகும். அப்படி வந்தவரிடம் "பொறுத்துப் பார்ப்போம், அடுத்த கிழமை வாங்க" என்று சொல்வது லேசான காரியம் இல்லை. "அதப் புடுங்கிப்போட்டு விடுங்க மனே" என்பார்கள். குறடும் கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கும்.

கொதிக்கிற பல்லைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். பல்லின் நடுவில் இருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் கல் போன்ற சுவருக்குள் அடைபட்டவை. சொத்தை உள்ளே போய் அந்தச் சதை வீங்கினால் வீக்கத்துக்கு இடம் கிடையாது; நாடித் துடிப்போடு சேர்ந்து உள்ளேயே குமுறும். படுத்தால் தலைக்கு இரத்தம் கூடும், நோவும் கூடும். அதனால்தான் இராத்திரியில் பல்லுக்காரர் எழும்பி உட்கார்ந்திருப்பார். மூடி இறுக்கின பானை கொதிக்கிற கணக்குத்தான். இந்தச் சொல்லை முதலில் யார் வைத்தாரோ, அவர் சோறாக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் நோவு எழும்பி, தண்ணீரை எடுத்த பிறகும் நின்று நோகும். தட்டினால் அந்தப் பல் பதில் சொல்லும். பல்லுக்குள் பூச்சி இருக்கிறதென்று கண்டங்கத்தரி விதை போட்டுப் புகை பிடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. புகையிலிருந்து விழுந்த பூச்சியை எனக்குக் காட்டவென்று சிரட்டையில் கொண்டுவந்த ஒருவரும் உண்டு. அது விதையின் முளைதான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2003. சண்டை ஓய்ந்திருந்த காலம், பாதையில் சனம் தாராளமாகப் போய்வந்தது. படுவான்கரையிலிருந்து ஓர் அம்மா வந்தா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். வலப்பக்கக் கீழ்த்தாடை. கடைவாய்ப் பல்லொன்றில் பழைய சொத்தை இருந்தது. விறைப்பூசி போட்டேன், உடனே நோவு நின்றது. பல்தான் காரணம் என்பதற்கு அதைவிட வேறென்ன அத்தாட்சி? பிடுங்கினேன். பத்து நாள் சுகம். பிறகு திரும்பி வந்தா, பக்கத்துப் பல். அதையும் பிடுங்கினேன், ஒரு மாதம் சுகம். மூன்றாவது பல்லில் சொத்தையே இல்லை. அவ கெஞ்சினா, நான் பிடுங்கினேன். அன்றைக்கு அட்டையில் ஆங்கிலத்தில் 'பல்வலி' என்றுதான் எழுதி வைத்தேன்.

நாலாவது தடவை வந்தபோது கச்சான் காற்றுக் காலம். சீலை முந்தானையால் கன்னத்தை மூடிக்கொண்டு வந்தா. தட்டிப் பார்த்தேன், குளிர் வைத்துப் பார்த்தேன், எக்ஸ்ரேயும் எடுப்பித்துப் பார்த்தேன். பல் ஒன்றும் பேசவில்லை. யோசித்துக்கொண்டு நிற்கையில் மேசைக் காற்றாடி மெல்லத் திரும்பி அவவின் முகத்தில் காற்றை அடித்தது. அவ அப்படியே உறைந்துபோனா. கண் இறுகி, வாயோரம் ஒருதரம் இழுத்தது. கை எழும்பி வந்தது, ஆனால் கன்னத்தைத் தொடவில்லை; ஒரு விரற்கடை தள்ளி நின்றுவிட்டது.

பல் கொதிக்கிறவர் உள்ளங்கையைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு வருவார். எத்தனை ஆயிரம் பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன்! இந்தக் கை தொடப் பயந்த கை. காற்றாடியை நிறுத்திவிட்டுக் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"என்னம்மா செய்யிது?"

"மின்னுது மனே."

"பல்லுக் கொதிக்கல்லையா?"

"கொதிக்கிறண்டு நான் எப்ப சொன்ன? முந்தியும் மின்னுதெண்டுதானே சொன்னன்."

சொல்லித்தான் இருந்தா. மூன்று தடவையும் சொல்லியிருக்கிறா. நான்தான் அதைப் 'பல்வலி' என்று மொழிபெயர்த்து எழுதிக்கொண்டேன்.

முகத்தின் உணர்ச்சியையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோவது ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெரிய நரம்பு. மூன்று கிளையாகப் பிரிவதால் அதை முக்கிளை நரம்பு என்கிறோம். மேல்வரிசைப் பல்லும் கீழ்வரிசைப் பல்லும் அதன் இரண்டு கிளைகளில் தொங்குகின்றன. மூளைத்தண்டிலிருந்து அது புறப்படும் இடத்தில் இரத்தக்குழாய் ஒன்று வளைந்து வந்து உரசினால், நரம்பைச் சுற்றியிருக்கும் உறை தேயும். உறை தேய்ந்த வயர் இரண்டு தொட்டுக்கொண்ட மாதிரித்தான் பிறகு நடக்கும். காற்றுப் பட்டது, முகம் கழுவியது, பல் விளக்கியது, ஒரு வாய் சோறு மென்றது என்று நோவில்லாத தொடுகையெல்லாம் மின்னலாகப் பாயும். ஒரு கணத்திலிருந்து அதிகம் போனால் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே இல்லை, அடுத்தது வரும்வரை. லண்டன் வைத்தியர் ஜோன் பொதர்கில் 1773இலேயே இதை அழகாக வர்ணித்துவிட்டார். இருநூற்று முப்பது வருடம் கழித்து, காற்றாடி காட்டித்தந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஏமாந்த விதத்தையும் சொல்லவேண்டும். இந்த நோய் தானாகவே கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் ஓயும். நான் பல்லைப் பிடுங்கிய நேரமும் அது ஓய்ந்த நேரமும் ஒத்துப்போயின. பெயர் எனக்குக் கிடைத்தது. விறைப்பூசி அத்தாட்சியும் பொய்ச்சாட்சிதான். மின்னலைக் கிளப்புகிற இடம் விறைத்துவிட்டால், மூலம் எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்கு மின்னல் வராது. பல் வைத்தியன் நம்புகிற இரண்டு சாட்சிகளும் ஒரே நாளில் எனக்கெதிராகக் கூடி நின்றன. இப்படிப் பல்லிழந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று பிற்பாடு வாசித்தபோது கொஞ்சம் ஆறுதல் வந்தது. அந்த ஆறுதல் வந்ததற்கு வெட்கமும் வந்தது.

இதற்கு முதல் மருந்து கார்பமசிப்பின். வலிப்புக்குக் கொடுக்கிற குளிசை. முகமின்னலை அது அடக்கும் என்று சுவீடனைச் சேர்ந்த புளோம் 1962இல் எழுதினார். பொது வைத்தியரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாளில் அம்மா திரும்பி வந்தா, குளிசைப் பொதி கையில், முத்திரை உடையாமல்.

"இது வலிப்புக் குளிசையாம். பாமசிப் பொடியன் சொன்னான். எனக்கென்ன வலிப்பா மனே? குமர்ப்பிள்ளை ஒண்டு வீட்ட இருக்கு, ஊரில கதை வந்திரும்."

குமர் காரியம் வந்து குறுக்கே நிற்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. வயர் கதையைச் சொன்னேன். அவவின் ஊரில் அப்போது மின்சாரம் இல்லை. ஆனால் கன்னங்குடாவிலோ எங்கேயோ மச்சாளின் வீட்டில் வயர் உரசித் தீப்பொறி பறந்ததை அவ பார்த்திருக்கிறா. "அந்தப் பொறியத்தான் இந்தக் குளிசை அவிக்கிது" என்றேன். பெயரை ஒருவருக்கும் காட்டவேண்டாம், வேறு டப்பியில் போட்டு வையுங்கள் என்று நானே சொன்னேன். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ கண்டால் அன்றைக்கே நிறுத்தி ஓடி வரவேண்டும் என்பதை மட்டும் மூன்று தரம் திருப்பிச் சொல்லவைத்தேன். ஆசியர் சிலரின் உடம்பில் இருக்கிற ஒரு மரபணு இந்த மருந்தோடு மோதித் தோலையே உரித்துவிடக்கூடும். தடிப்பு வரவில்லை. தலை சுற்றுகிறது, பாதையில் ஏறப் பயமாயிருக்கிறது என்றா. அளவை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். நாலாம் கிழமை முந்தானை கன்னத்தில் இல்லை.

அதற்குப் பிறகு அட்டையில் நோயாளி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் எழுதத் தொடங்கினேன். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஒருவர் "இதென்ன, கதை எழுதுறீங்களா?" என்று கேட்டார். ஓமென்றேன்.

'எரிவு' என்ற சொல்தான் எனக்கு அதிகம் வேலை வைத்தது. ஒரே சொல்லுக்குள் இரண்டு நோய் ஒளிந்திருக்கும். "எப்ப எரியிது?" என்று கேட்டால்தான் அவை பிரியும்.

களுதாவளைப் பக்கம் போனால் வெற்றிலைக் கொடி நிற்கிற தோட்டங்கள். எங்கள் ஆட்களுக்கு வெற்றிலை வட்டா இல்லாமல் கலியாணமும் இல்லை, செத்த வீடும் இல்லை. அதைக் குறை சொல்ல எனக்கு நா எழாது; பெத்தாவின் மடியில் வெற்றிலை வாசம் பிடித்து வளர்ந்தவன் நான். ஆனால் கறி பட்டால் வாய் எரிகிறது என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் பார்ப்பது அவரது பல்லை அல்ல. "மூண்டு விரல உள்ள விடுங்க பாப்பம்" என்பேன். தன் சொந்த விரல் மூன்றை நிமிர்த்தி முன்பல்லுக்கிடையில் விட முடியவேண்டும். இரண்டோடு நின்றால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பேன். கயிறு கட்டின மாதிரி வெளிறிய பட்டைகள் விரலில் தட்டுப்படும். பாக்கிலிருக்கும் அரெக்கோலின் வாய்த்தோலின் அடியில் நாரை வளர்த்துவிடும். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதைக் கண்டு சுவார்ட்ஸ் என்பவர் 1952இல் எழுதினார்; அடுத்த வருடமே பம்பாயிலிருந்து ஜோஷி எழுதினார். நார் ஏறின வாய் பழையபடி இளகாது. அதில் ஒரு பங்கு புற்றாகவும் மாறும்.

"நான் போயிலை போடுறல்ல, பாக்கு மட்டுந்தான்" என்று சமாதானம் சொல்வார்கள். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப்புற்றுத்தான் முன்னுக்கு நிற்கிறது. வயல் வேலைக்காரர், தோணிக்காரர், இராக்காவல் செய்கிறவர் எல்லாரும் பசியையும் நித்திரையையும் பாக்கால் அடக்குகிறவர்கள். இப்போது பாபுல் பொதி மெல்லும் இருபது வயதுப் பொடியன்களும் வருகிறார்கள். இரண்டு விரல் போகாத வாயோடு பாண் துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தின்னுகிற பொடியனைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், யார்மேல் என்று தெரியாத கோபம்.

மற்ற எரிவு இதற்கு நேர்மாறு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். நாக்கு நுனி எரிகிறது. காலையில் இல்லை, வெயில் ஏற ஏறக் கூடுகிறது, சோறு சாப்பிடும்போது மட்டும் மறைந்துவிடுகிறது. வெற்றிலை தொட்டதே இல்லை. வாயைத் திறந்தால் பிள்ளையின் நாக்கு மாதிரிச் சுத்தமான நாக்கு. வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தித் தண்ணீர் தெளித்தும் போகவில்லை என்றார். மதுரையை எரித்துவிட்டு வந்தவளையே குளிர்விக்கிற தண்ணீர் என் நாக்குக்குப் பத்தவில்லையே என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்போடு கண்ணும் கலங்கிற்று. அவரைப் பார்த்த இரண்டு பேர் "உங்களுக்கு ஒண்டுமில்ல, மனப்பிரமை" என்று அனுப்பியிருந்தார்கள்.

இரும்புச் சத்து, பி12, சீனி, வாய்ப்பூஞ்சணம் எல்லாம் பார்க்கவேண்டும்; இருந்தால் அதைத் தீர்க்க எரிவும் தீரும். இவருக்கு எல்லாம் சரியாக இருந்தது. அப்படி மிஞ்சுவதைத்தான் எரிவாய் நோய் என்கிறோம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே அதிகம் வரும். நாக்கின் மெல்லிய நரம்புகள் பழுதுபட்டு, எரியாததை எரிகிறதாகச் சொல்கின்றன. குளோனசெபாம் குளிசையை வாயில் மூன்று நிமிடம் உமிந்து துப்பச் சொல்வதுண்டு. சிலருக்குப் பாதி குறையும். இவருக்கும் பாதிதான். ஆனால் முதல் நாளே பாதி குறைந்தது என்று அவர் சொல்வார். அன்றைக்கு நான் மருந்தே கொடுக்கவில்லை. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இது புற்று இல்லை, பிரமையும் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

உளைவு என்று வந்தால் எனக்குப் பாதி நிம்மதி. விடியக்காலையில் தாடை உளைகிறது, வாய் திறக்கச் சத்தம் கேட்கிறது என்பார்கள். பல்லில் ஒன்றுமிராது, மெல்லுகிற தசையும் காதுக்கு முன்னாலிருக்கிற மூட்டும்தான் களைத்துப்போயிருக்கும். கஷ்டத்தைப் பொறுப்பதற்கு நாங்கள் சொல்கிற சொல்லே 'பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்' என்பதுதானே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் எத்தனை பேர் அப்படி இருந்தார்கள்! கடிச்சுக்கொண்டிருந்ததை நித்திரையிலும் விடத் தெரியவில்லை அவர்களுக்கு. சூட்டு ஒத்தடம், இராத்திரிக்குப் பல்லில் மாட்ட ஒரு தட்டு, 'உதட்டை மூடு, பல்லை விடு' என்ற மந்திரம். பெரும்பாலும் அவ்வளவுதான். பல்லை அராவாதே, பிடுங்காதே என்பது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

சில சொற்களுக்கு மட்டும் நான் அவசரப்படுவேன். கரைவலை இழுக்கிற ஒருவர், இடத்தாடை 'இறுக்குது' என்றார். வலை இழுக்கும்போது இறுக்கும், மணலில் குந்தினால் விட்டுவிடும். பல்லுக்கு வலை இழுப்பது தெரியாது. அவரைக் கதிரையில் ஏற்றாமலே களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், நெஞ்சுதான். இன்னொருவர், கீழுதடு 'விறைச்சுப்போச்சு' என்றார். ஊசி போடாமல் விறைத்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அவருடைய கதை நல்லபடி முடியவில்லை.

முகநோவுகளுக்கென்றே தனியான உலக வகைப்பாடு ஒன்று 2020இல் வெளிவந்தது. வரிசையாக எண் போட்ட நோய்கள். அச்செடுத்துப் பக்கம் பக்கமாக ஓரத்தில் எங்கள் ஊர்ச் சொற்களைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த நோவோடு இன்னும் யாரும் வரவில்லை, அல்லது வந்தவரின் சொல்லை நான் தவறவிட்டுவிட்டேன்.

மின்னல் அம்மா திரும்ப வந்தது 2014இல், மண்முனைப் பாலம் திறந்த வருடம். பாதைக்குக் காத்திராமல் மகன் மோட்டார் சைக்கிளில் பாலத்தால் சுற்றிக் கூட்டிவந்திருந்தான். காற்றுக்கு முகம் கொடுத்து வந்திருக்கிறா! ஒரு சட்டித் தயிரை மேசையில் வைத்தா. குளிசை இப்போது காலையில் ஒன்று, இராவில் ஒன்று. நடுவில் ஒரு வருடம் இல்லாமலும் இருந்ததாம். குமரைக் கட்டிக்கொடுத்தாயிற்று.

"அந்த மூண்டு பல்லையும் வைக்கேலுமா மனே? வலப்பக்கம் ஒண்டும் சப்பேலாம கிடக்கு."

பல்லுக் கட்டவேண்டுமென்றால் அச்சு எடுக்கவேண்டும். அச்சுத் தட்டு அவவின் கீழுதட்டைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகும். அந்த உதட்டோரம்தான் மின்னல் கிளம்புகிற இடம். காலைக் குளிசை எத்தனை மணிக்குப் போட்டா என்று கேட்டேன். இரண்டு மணித்தியாலம் போகட்டும் என்று வாங்கில் இருத்தினேன். வேறு ஆட்களைப் பார்த்து முடித்தேன். காற்றாடியை நிறுத்தினேன். மாவைக் கரைக்கும் தண்ணீரைக் கொஞ்சம் சுடவைத்துக்கொண்டேன், குளிர் படக்கூடாதென்று.

தட்டை உள்ளே வைத்தபோது அவ என் மணிக்கட்டைப் பிடித்தா. மாவு இறுக மூன்று நிமிடம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவவின் பிடி இறுகுகிறதா என்பதை மட்டும் கவனித்தேன். முதல் நிமிடம் இறுக்கம்தான். இரண்டாவதில் விரல்கள் தளர்ந்தன. மூன்றாவதில் கை கீழே இறங்கி மடியில் கிடந்தது.

தட்டை எடுத்தேன். அச்சில் மூன்று பல்லின் வெற்றிடமும் தெளிவாக விழுந்திருந்தது.